நோயாளியின் கட்டிலருகே: கருணைக்கொலை வழக்குகளின் வரலாறும் ஷரீஅத்தின் எல்லையும்

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் வழியில் பெரும்பாக்கத்தைக் கடப்போர் இரு வகைக் கட்டடங்களைக் காண்பர். ஒன்று, கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்காக அரசு எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகள். மற்றொன்று, நவீன மருத்துவத்தின் கருவிகள் அனைத்தையும் கொண்ட பெரிய தனியார் மருத்துவமனை. மனிதனின் இறுதி நாள்களைப் பற்றி இன்று உலகம் நடத்தும் விவாதத்தின் இரு முனைகளும் இந்த ஒரே ஊரில் அருகருகே நிற்கின்றன. மேல்மாடி வீடொன்றில் படுத்த படுக்கையாகிவிட்ட முதியவருக்குப் பணிவிடை செய்ய ஆள் போதாது. ஐசியு கட்டிலில் கிடப்பவருக்கோ எந்தக் கருவியை எதுவரை தொடர்வது என்று அறியாமல் பிள்ளைகள் வாசலில் காத்திருப்பர்.

இரு கட்டில்களின் அருகிலும் எழும் வார்த்தை ஒன்றே: "போதும்." அதைச் சொல்பவர் யார், யாருடைய நலனுக்காகச் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இந்திய நீதிமன்றங்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இக்கேள்வியோடு போராடி வந்துள்ளன. நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதன் அடிப்படைகளை வகுத்துள்ளனர். இரண்டையும் சேர்த்து அறிந்துகொள்வது, அந்த நேரம் நம் வீட்டிற்கு வருமுன் நாம் செய்ய வேண்டிய ஆயத்தமாகும்.

ஒரு சொல்லுக்குள் நான்கு செயல்கள்

"கருணைக்கொலை" என்னும் சொல்லைத் தமிழில் நாம் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். நான்கு வெவ்வேறு செயல்கள் அச்சொல்லுக்குள் அடைக்கப்பட்டுவிட்டன. மருத்துவர் ஊசி போட்டு நோயாளியின் உயிரைப் போக்குவது முதலாவது. நோயாளி தாமே உயிரை மாய்த்துக்கொள்ளப் பிறர் மருந்து முதலியன தந்து உதவுவது இரண்டாவது. மீளும் நம்பிக்கை அற்ற நிலையில், மரணத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு பயனற்ற கருவியை நிறுத்துவது மூன்றாவது. நோயாளி தமக்கு ஒரு சிகிச்சை வேண்டாம் என மறுப்பது நான்காவது.

முதல் இரண்டும் உயிரைப் போக்கும் செயல்கள். பின் இரண்டில் மரணத்திற்குக் காரணம் நோயே. இவ்வேறுபாட்டைக் கருதியே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட சொல் விளக்க ஆவணத்தில், சிகிச்சையை நிறுத்துவதைக் குறிக்கும் "செயலற்ற கருணைக்கொலை" என்ற வழக்கைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. ஆனால் நம் உரையாடல்களில் கொலை என்ற சொல் ஒட்டிக்கொண்டே நிற்பதால், வென்டிலேட்டரை நிறுத்தச் சம்மதித்த மகன் தந்தையைக் கொன்ற பாவியாகத் தன்னையே எண்ணிக் காலமெல்லாம் வருந்துவதும் நேர்கிறது.

தமிழ் மண்ணின் பழைய நினைவுகள்

இவ்விவாதம் மேற்கிலிருந்து இறக்குமதியானது என்று எண்ணுவோர் உண்டு. தமிழ் மண்ணுக்கு இதில் தனி வரலாறு உண்டு. கோப்பெருஞ்சோழன் உண்ணாநோன்பிருந்து வடக்கிருந்து உயிர் துறந்ததையும், நண்பர் பிசிராந்தையார் அவனோடு சேர்ந்துகொண்டதையும் புறநானூறு பதிவு செய்துள்ளது. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைப் பழந்தமிழ்க் கல்வெட்டொன்று கூறுகிறது. சமணரின் இவ்வழக்கத்தை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் தற்கொலைக்கு ஒப்பான குற்றம் என்றது. அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

அவை தாமே விரும்பி ஏற்றவை. தென் மாவட்டங்களில் மறைவாக வழங்கிவந்த "தலைக்கூத்தல்" அவ்வாறானதன்று. படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய்க் குளியல் முதலிய பெயர்களில் வீட்டாரே மரணத்தை வரவழைக்கும் கொடுமை அது. 2010ஆம் ஆண்டு விருதுநகர் வட்டாரத்தில் எண்பது வயது முதியவர் ஒருவர், தமக்கு நேரவிருப்பதை அறிந்து வீட்டைவிட்டுத் தப்பி உறவினரிடம் அடைக்கலம் புகுந்தார். தம் நிலத்தைப் பங்கிடுவது குறித்து வீட்டார் பேசிக்கொண்டதை அவர் கேட்டிருந்தார் என அப்போது செய்திகள் கூறின. பின்னர் "பாரம்" என்ற தமிழ்த் திரைப்படம் இவ்வழக்கத்தைக் கருப்பொருளாக்கி, சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதையும் பெற்றது.

தலைக்கூத்தலைச் செய்தோர் பலரும் அதைக் கருணை என்றே அழைத்தனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். வேதனையைத் தீர்க்கிறோம் என்றனர். தீர்ந்தது யாருடைய வேதனை? முதியவரின் வேதனையா, அவரைச் சுமந்தவர்களின் வேதனையா? முதியவரின் வாயிலிருந்து "போதும்" என்ற சொல் வரவே இல்லை.

உலகம் கண்ட எச்சரிக்கை

இதே கேள்வியை ஐரோப்பா மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1939ஆம் ஆண்டு ஹிட்லரின் ஜெர்மனி, குணப்படுத்த இயலாதவர்களுக்குக் "கருணை மரணம்" என்ற பெயரில் மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் கொல்லத் தொடங்கியது. 1941 ஆகஸ்டிற்குள் நச்சுவாயுக் கூடங்களில் மட்டும் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் எவரும் மரணத்தைக் கேட்டவர் அல்லர். வாழத் தகுதியற்ற உயிர் என்று பிறர் முத்திரையிட்டதே அவர்கள் செய்த குற்றம்.

அதன்பின் வந்த சட்டங்கள் நோயாளியின் சுய விருப்பத்தை மையமாக வைத்தன. நெதர்லாந்து 2002ஆம் ஆண்டு கடும் நிபந்தனைகளுடன் இதை அனுமதித்தது. கனடா 2016ஆம் ஆண்டு மரணத்தை நெருங்கியவர்களுக்கு அனுமதித்து, 2021ஆம் ஆண்டு மரணம் அருகில் இல்லாதவர்களுக்கும் அதை விரிவாக்கியது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல அந்நாட்டில் இதை எதிர்த்து எழுப்பிய வாதம் சிந்திக்கத்தக்கது: வீடும் பணிவிடையும் கிடைக்காத ஒருவர் மரணத்தைக் கேட்டால் அதைச் சுதந்திரமான விருப்பம் என்று எவ்வாறு அழைப்பது? பெரும்பாக்கம் போன்ற ஊர்களுக்கு இக்கேள்வி அந்நியமானதன்று.

இந்திய நீதிமன்றங்கள் நடந்த பாதை

1994ஆம் ஆண்டு பி. ரத்தினம் வழக்கில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கும் 309ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். வாழும் உரிமைக்குள் வாழாதிருக்கும் உரிமையும் உண்டு என்பது அதன் உட்பொருள். இரண்டே ஆண்டுகளில், 1996 மார்ச்சில், கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் தள்ளியது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் சாகும் உரிமை அடங்காது என்றது. ஆயினும், இயற்கையாக முடிந்துகொண்டிருக்கும் வாழ்வின் இறுதியில் கண்ணியத்துடன் மரணிப்பது வேறு என்ற ஒரு கதவையும் அத்தீர்ப்பு திறந்து வைத்தது.

அக்கதவின் முன் தேசத்தையே நிறுத்தியவர் அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றிய அவர், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே ஒரு துப்புரவுப் பணியாளரின் கொடூரத் தாக்குதலுக்கு ஆளாகி மூளை பாதிக்கப்பட்டார். அதன்பின் அவர் எழவே இல்லை. 2009ஆம் ஆண்டு பத்திரிகையாளர் பிங்கி விரானி, அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தி நிம்மதியாக மரணிக்க விடுமாறு உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2011 மார்ச் 7 அன்று வந்த தீர்ப்பு அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. அதே வேளையில், உயர் நீதிமன்ற அனுமதியுடன் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வழியை முதன்முறையாக வகுத்தது.

அத்தீர்ப்பில் சட்டத்தைவிட நம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. அருணாவுக்காகப் பேசும் தகுதி யாருக்கு என்ற கேள்விக்கு, தினமும் அவரைக் குளிப்பாட்டி உணவூட்டிய கே.இ.எம். மருத்துவமனையினருக்கே என்று நீதிமன்றம் பதிலளித்தது. அவர்கள் அருணா வாழ வேண்டும் என்றனர். அத்தனை ஆண்டுப் படுக்கையிலும் அவருடலில் படுக்கைப் புண் ஒன்றும் இல்லாதபடி அவர்கள் பார்த்துக்கொண்டதைத் தீர்ப்பு வியந்து குறிப்பிட்டது. 2015 மே 18 அன்று நிமோனியாவால் அருணா இயற்கையாக மரணமடைந்தார். தாக்குதல் நடந்து நாற்பத்தொரு ஆண்டுகள் கடந்திருந்தன. தலைமுறை மாறியும் அச்செவிலியர் அவரைச் சுமை என்று கருதவில்லை.

பின்னர் 2018 மார்ச் 9 அன்று "காமன் காஸ்" அமைப்பு தொடுத்த வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு கண்ணியத்துடன் மரணிப்பதையும் 21ஆம் பிரிவின் பகுதியாக ஏற்றது. சுயநினைவு இழக்கும் நிலை வந்தால் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. மக்கள் இதை "லிவிங் வில்" என்கின்றனர். அதற்கு மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்பது போன்ற விதிகள் நடைமுறைக்கு ஒவ்வாததால், 2023 ஜனவரி 24 அன்று அவற்றை நீதிமன்றம் எளிமையாக்கியது.

இவ்வளவு தீர்ப்புகளுக்குப் பின்னும் ஒன்று மாறவில்லை. உயிரைப் போக்கும் ஊசியும், தற்கொலைக்கு உதவுதலும் இந்தியாவில் இன்றும் குற்றமே. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவு, தற்கொலைக்குத் தூண்டுவோருக்கும் உடந்தையாவோருக்கும் பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது. உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரையோ, 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கருதி, தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு வழி செய்கிறது.

ஷரீஅத் வகுத்த எல்லை

நீதிமன்றம் வந்து சேர்ந்த இந்த இடத்திற்கும் நம் ஃபிக்ஹு நூல்கள் காட்டும் இடத்திற்கும் உள்ள நெருக்கம் வியப்பளிப்பது. ஆனால் அடித்தளம் வேறு. சட்டம் உயிரைத் தனிமனிதனின் உரிமை என்கிறது. இஸ்லாமோ அதை அல்லாஹ்வின் அமானிதம் என்கிறது. தன்னையே கொன்றுகொள்வதைக் குர்ஆன் தடுக்கிறது (4:29). ஓர் உயிரை அநியாயமாகப் போக்குவதை மனிதகுலம் முழுவதையும் கொன்றதற்கு ஒப்பாக்குகிறது (5:32). முன்சென்ற சமுதாயத்தில் காயத்தின் வேதனை தாளாமல் தன் கையை அறுத்துக்கொண்டு மாண்டவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் உள்ளது. துன்பத்தின் காரணமாக மரணத்தை விரும்பவும் வேண்டாம் என்றார்கள். தாளவே முடியாவிட்டால், வாழ்வு நலமாயின் வாழவையென்றும், மரணம் நலமாயின் அதைத் தாவென்றும் இறைவனிடமே ஒப்படைக்கும் பிரார்த்தனையைக் கற்றுத் தந்தார்கள்.

எனவே முதல் இரு செயல்களும் ஹராம் என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. நோயாளியே கெஞ்சிக் கேட்டாலும், மருத்துவரே செய்தாலும் அது ஹலாலாகாது.

மூன்றாவதும் நான்காவதும் வேறு. வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் துஆ கேட்டு வந்தபோது, பொறுமை காத்துச் சுவனம் பெறுவதா, குணமடையப் பிரார்த்திப்பதா என அவர்கள் தெரிவை அப்பெண்ணிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். எல்லாச் சிகிச்சையும் எல்லோர் மீதும் கடமையன்று என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் கொள்வர்.

நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயில் நடந்தது இன்னும் நேரடியானது. வாயின் ஓரத்தில் மருந்து ஊற்ற முயன்ற குடும்பத்தாரிடம் வேண்டாமென அவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தின் மீதுள்ள வெறுப்பே இது என்று எண்ணிய வீட்டார் ஊற்றிவிட்டனர். தெளிந்ததும் அவர்கள் அதைக் கண்டித்து, அங்கிருந்த அனைவருக்கும் அம்மருந்தைப் புகட்டச் செய்தார்கள். அச்சமயம் உடனில்லாத அப்பாஸ் (ரலி) மட்டும் விலக்கப்பட்டார். ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அன்பின் மிகுதியால் செய்தாலும் நோயாளியின் மறுப்பை மீறக் கூடாது என்பது இதில் தெளிவு.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூலான மின்ஹாஜில் ஜனாஸா பாடத்தில் இவற்றைச் சுருக்கமாகத் தொகுத்துள்ளார்கள். துன்பத்தால் மரணத்தை விரும்புவது மக்ரூஹ். மருத்துவம் செய்வது சுன்னத். நோயாளியை அதற்கு நிர்ப்பந்திப்பது மக்ரூஹ். இதற்கும் முன்பே, ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் வேறொரு கோட்டைக் கிழித்தார்கள். பசிக்கு உணவும் தாகத்திற்கு நீரும் உறுதியான காரணிகள். மரண அச்சம் உள்ளபோது அவற்றைக் கைவிடுவது தவக்குல் ஆகாது, ஹராம். மருந்து பலனளிக்கலாம் என்ற எதிர்பார்ப்புக்குரியது. அதைக் கைவிடுவது அவ்வாறு தடை செய்யப்பட்டதன்று. உணவும் நீரும் எந்நிலையிலும் மறுக்கப்படலாகாது என்று பல அறிஞர்கள் இன்றும் வலியுறுத்துவது இதற்கு இயைந்தது. குழாய் வழி உணவு மருத்துவமா, உணவா என்பதில் தற்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

கருவிகளின் காலம் வந்தபின், சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986 அக்டோபரில் அம்மானில் கூடியது. மூளையின் செயல்பாடு முற்றிலும் நின்று, மீள வழியில்லை என நிபுணர்கள் உறுதி செய்தால், இதயம் போன்ற உறுப்புகள் கருவியால் இயங்கிக்கொண்டிருந்தாலும் கருவியை அகற்றலாம் என முடிவு செய்தது. 1992இல் ஜித்தாவில் கூடி, சிகிச்சையின் சட்டம் நிலைமைக்கேற்ப மாறும் என்றது. சிகிச்சையைக் கைவிட்டால் உயிரோ உறுப்போ அழியும், அல்லது நோய் பிறருக்குப் பரவும் என்றால் அது கடமை. மற்ற நிலைகளில் அது விரும்பத்தக்கதாகவோ, அனுமதிக்கப்பட்டதாகவோ, வெறுக்கத்தக்கதாகவோ அமையலாம். குணமாகும் வாய்ப்பு எதுவாயினும் நோயாளியின் உடல் வலியையும் மன வலியையும் தணிப்பது கடமை என்பதையும் அத்தீர்மானம் வலியுறுத்தியது.

ஆகவே, மருத்துவக் குழு நம்பிக்கையில்லை என்று உறுதி செய்தபின் வென்டிலேட்டரை நிறுத்தச் சம்மதிக்கும் பிள்ளை கொலையாளி அல்லர். வலி தணிக்க மருத்துவர் அளவோடு தரும் மார்ஃபினும் கொலையன்று.

வேதனையில் ஒருவர் தம்மையே மாய்த்துக்கொண்டால் அவரது கதி குறித்துத் தீர்ப்பளிப்பதும் நம் வேலையன்று. துஃபைல் பின் அம்ர் (ரலி) அவர்களுடன் ஹிஜ்ரத் செய்த ஒருவர், நோய் தாளாமல் விரல் கணுக்களை அறுத்துக்கொண்டு இறந்தார். கைகள் தவிர மற்றவற்றில் அவர் மன்னிக்கப்பட்டதாகக் கனவில் கண்டு சொல்லப்பட, அக்கைகளையும் மன்னிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது. அத்தகைய எண்ணத்தோடு போராடுவோர் நம்மிடையே இருந்தால், ஃபத்வாவுக்கு முன் அவருக்குத் தேவை துணையும் மருத்துவமும். 104, 14416 என்ற அரசு எண்களில் எந்நேரமும் பேசலாம்.

வாய் திறக்க முடியும்போதே

2023ஆம் ஆண்டின் தீர்ப்புப்படி, பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனமுடைய எவரும் மருத்துவ அறிவுறுத்தலை எழுதலாம். இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். தம் சார்பில் முடிவெடுக்க நம்பிக்கைக்குரியோரின் பெயர்களையும் குறிப்பிட வேண்டும். பின்னாளில் அந்நிலை வந்தால், சிகிச்சை தரும் மருத்துவரும் அனுபவமிக்க இரு நிபுணர்களும் கொண்ட குழு முதலில் ஆராயும். மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவரை உள்ளடக்கிய இரண்டாம் குழு அதை உறுதிசெய்யும். இதன் பின்பே கருவி நிறுத்தப்படும். எழுதி வைக்காதவருக்கும் குடும்பத்தாரின் சம்மதத்துடன் இவ்வழி உண்டு.

சொத்து குறித்த வஸிய்யத்தை எழுதாமல் ஒரு முஸ்லிம் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது நபிமொழியின் கருத்து. நம் உடல் குறித்த விருப்பத்தையும் அதனோடு சேர்த்து எழுதி வைப்பது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் பேருதவியாகும். அதில் ஷரீஅத் விலக்கிய எதுவும் இடம்பெறாதிருக்க ஓர் ஆலிமிடமும், நிறைவேறத் தக்கதாக இருக்க ஒரு மருத்துவரிடமும் காட்டிக்கொள்வது நன்று. "அத்தா, உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்பது அபசகுனமன்று.

சுமை என்று உணரவிடாதிருத்தல்

எழுதிவைத்த காகிதம் ஐசியு கட்டிலுக்குப் பதில் தரும். மேல்மாடி வீட்டுக் கட்டிலுக்கு அது பதிலாகாது. அங்கே கிடக்கும் முதியவர் "அல்லாஹ் என்னை எடுத்துக்கொள்ள மாட்டானா" என்கிறார் என்றால், அது பெரும்பாலும் வலியின் குரலாகவோ தனிமையின் குரலாகவோ இருக்கும். முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் ஒரு சிறு ஒலியைக்கூட எழுப்ப வேண்டாம் என்ற இறைக்கட்டளை (17:23) தலைக்கூத்தலின் வேரையே அறுக்கிறது. தாம் சுமையாகிவிட்டோம் என்ற எண்ணத்தை ஒருவருக்கு ஊட்டுவதிலிருந்தே அக்கொடுமை தொடங்குகிறது.

வலியைத் தணிக்கும் வழிகள் இன்று உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014ஆம் ஆண்டின் திருத்தம் அத்தடையைத் தளர்த்தியது. அண்டை மாநிலக் கேரளத்தில் 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், பின்னர் மலப்புரம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலரைக் கொண்டு வீடு வீடாகச் சென்றது. 2008ஆம் ஆண்டு அம்மாநில அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே வலி தணிப்புச் சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. நம் முஹல்லாவில் யாருக்கு அது தேவை, அவர் எத்தனையாவது மாடியில் இருக்கிறார் என்பது சுகாதாரச் செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிவிக்க ஜும்ஆவுக்கு வரும் இரு இளைஞர்களும், பணிவிடை செய்யும் மருமகளுக்கு வாரத்தில் அரைநாள் ஓய்வு தர ஓர் அண்டை வீட்டுப் பெண்மணியும் போதும்.

ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க நாம் ஓடோடிச் செல்கிறோம். அது நம் சமுதாயத்தின் அழகு. அதற்கு முந்தைய மாதங்களில் அக்கட்டிலருகே ஒரு மணி நேரம் அமர்வதும் அதே சுன்னத்தின் பகுதியே. நோயாளியை நலம் விசாரிப்பதை நபி (ஸல்) அவர்கள் ஜனாஸாவைப் பின்தொடர்வதுடன் சேர்த்தே ஒரு முஸ்லிமின் உரிமையாக எண்ணிச் சொன்னார்கள்.

வல்ல இறைவன் நம் பெற்றோரின் இறுதி நாள்களை எளிதாக்குவானாக. அவர்களைச் சுமையெனக் கருதாத உள்ளத்தை நமக்குத் தருவானாக. ஈமானுடன் கூடிய அழகிய மரணத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.